ஒன்பது மணிப் பக்கத்துக் கீறல்

கீறலை யாராலும் எடுக்க முடியாது. கீறல் என்பது அந்த இடத்தில் இல்லாமல் போன உலோகம். இல்லாததை எப்படி எடுப்பது? சுற்றியிருக்கிற எஃகைக் கீறலின் அடிவரைக்கும் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வாடிக்கையாளர் கீறல் போய்விட்டது என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

மனாவுஸ் நகரத்தின் ஆற்றுத் துறைமுகத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு பழைய வணிக வளாகம். அதன் தரைத்தளத்தில் என் கடை. ஒரு மேஜை, பஃப் என்கிற இரண்டு மெருகுத் துணிச் சக்கரம், ஒரு தூசி உறிஞ்சி. எஃகுக் கடிகாரங்களுக்கும் எஃகு விளிம்பு வைத்த போன்களுக்கும் மெருகு போடுகிறேன். பக்கத்துக் கடை கெய்லாவுடையது. அவள் போன் திரை மாற்றுகிறவள். நடுவில் இருக்கிற பலகைத் தடுப்பு இடுப்பளவுதான். என் கடையில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் படித்தவன் என்பதும் தெரியும். அதனால் என்னை என்ஜினியரு என்பாள். பாராட்டு இல்லை.

செப்டம்பர் மாதம். ஆறு வற்றிக்கொண்டிருந்தது. காடு எரிகிற புகை ஒரு வாரமாக நகரத்துக்குள் நின்றது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒருவர் வந்து கெய்லாவிடம் போனை நீட்டினார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"திரை நல்லாத்தானே இருக்கு சார்? எனக்கு இதுல என்ன வேலை?" என்றாள் கெய்லா.

"திரை இல்லம்மா, ஓரத்தைப் பாரு. எவ்வளவு கோடு! கீறலே விழாத ஸ்டீலுன்னு சொல்லித்தானே கடைக்காரன் தலையில கட்டினான்."

"நீங்களும் நம்பினீங்களாக்கும். எம் புருஷன்கூட கல்யாணத்துக்கு முன்னாடி குடிக்கவே மாட்டேன்னான். ஓரம்னா அந்தப் பக்கம் போங்க. என்ஜினியரு, உனக்குத்தான் சரக்கு."

போனை வாங்கிப் பார்த்தேன். மெல்லிய கோடுகள், ஒரே திசையில்.

"ஆத்து மணலுக்குப் போனீங்களா?"

"ஞாயித்துக்கிழமை பொந்தா நெக்ராவுக்குப் போனோம். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மணல் எஃகைவிடக் கடினம் சார். பாக்கெட்ல ஒரு துகள் இருந்தாப் போதும். நாற்பது நிமிஷத்துல தர்றேன்."

அவர் சிரித்தார். பிறகு இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கெட்டிக்காரனா இருக்கே தம்பி. அப்போ இதையும் பாரு. இதுதான் முக்கியம்."

நல்ல கடிகாரம். முப்பது வருஷத்துக்கு முந்தைய தயாரிப்பு. பக்கவாட்டு முழுக்கக் கண்ணாடி மெருகு. ஒன்பது மணிப் பக்கத்தில், சாவி கொடுக்கும் திருகுக்கு எதிர்ப்புறம், ஒரே ஒரு கீறல். நீளம் பதினொரு மில்லிமீட்டர். ஆழமானது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு பழுப்பு உறை உண்டு. உறையின் மேல் கடிகாரத்தின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விலா எல்லாம் வெறும் கோட்டுப் படமாக அச்சிட்டிருக்கும். வரும்போதே இருக்கிற கீறலை எல்லாம் சிவப்புப் பேனாவால் அதில் வரைவோம். கீழே "எதில் பட்டது" என்று ஒரு கட்டம். அது சம்பிரதாயம் இல்லை. சிமெண்டுச் சுவர் கீறினால் விளிம்பு பிசிறாக இருக்கும். எஃகும் எஃகும் உரசினால் உலோகம் அழுந்தி ஓரத்தில் கரை கட்டும். அதற்குத் தகுந்த மாதிரித்தான் உப்புத்தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் எழுதியதும் உரிமையாளர் கையெழுத்துப் போடுவார். பிறகு வந்து நீதான் கீறினாய் என்று சண்டை போட முடியாது.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டேன். கீறலின் இரண்டு ஓரத்திலும் கரை கட்டியிருந்தது. அடியில், ஒரு எறும்புக் கால் அளவுக்கு, பச்சைப் பெயின்ட்.

இந்த ஊரில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்கு அடிக்கிற பச்சை.

லென்ஸை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தைக் காட்ட வேண்டும்.

"எதுல பட்டது சார்?"

"அது ஒரு கதை தம்பி."

"சொல்லுங்க. எழுதிக்கணும்."

"அந்த ஜனவரி. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, கொரோனா நேரம். நீ இங்கேயா இருந்தே?"

"இங்கேதான்."

"அப்போ உனக்குச் சொல்லவே வேண்டாம். எங்கம்மாவுக்கு மூச்சு இறங்கிக்கிட்டே போகுது. ஆஸ்பத்திரியில இடம் இல்ல. கேஸ் கிடங்கு வாசல்ல ஒரு கிலோமீட்டர் வரிசை. நானெல்லாம் வரிசையில நிக்கிற ஆளா? வாட்ச்மேன் நமக்குத் தெரிஞ்சவன். பின் கேட் வழியா வண்டியை விட்டேன். ரெண்டை ஏத்தியாச்சு. மூணாவதை ஒரு பையன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், பொண்டாட்டியக் கட்டிக்கிற மாதிரி. குடுடான்னா குடுக்க மாட்டேங்கிறான். இழுத்தேன். சிலிண்டர் கழுத்துல இரும்பு வளையம் இருக்குமே, அதுல உரசினதுதான் இது."

தடுப்புக்கு அந்தப் பக்கம் கெய்லாவின் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது.

"அப்புறம் குடுத்தானா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சாகுறாங்கடான்னு கத்தினேன். விட்டுட்டான். நல்ல பையன்தான் போல."

எழுதினேன். அவன் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.

"மூணும் தேவைப்பட்டுதா?"

"எங்கே? ஒண்ணுலயே அம்மா எழுந்து உக்காந்து காப்பி கேட்டாங்க. ரெண்டாவது பாதிதான் ஆச்சு. மூணாவதுக்கு சீல்கூட உடைக்கல. இன்னும் கராஜ்லயே நிக்குது. கிறிஸ்மஸுக்கு எம் பொண்ணு அதுக்குச் சிவப்புத் தொப்பி மாட்டி விடுவா. பாக்கக் குண்டு தாத்தா மாதிரியே இருக்கும்." வயிறு குலுங்கச் சிரித்தான். "இதெல்லாமா எழுதுறே?"

"விவரமா இருந்தா வேலை சுத்தமா வரும் சார்."

"சரி, சனிக்கிழமைக்குள்ள எனக்கு இந்தக் கீறல் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு எண்பது வயசு. வீட்ல விருந்து. இந்தக் கடிகாரம் அவங்க வாங்கிக் குடுத்தது, நான் வக்கீலானப்போ. இப்போ சர்க்கரையில கண்ணு போயிடுச்சு. என் கையைப் பிடிச்சா முதல்ல இதைத்தான் தடவுவாங்க. இது என்னடா, இது எப்படி வந்துதுன்னு மூணரை வருஷமா அதே கேள்வி. சுவத்துல இடிச்சேன்னு சொன்னேன். நம்பல. சுவர் இப்படிக் கீறாதுங்கிறாங்க. ஆயுசு பூரா துணி தச்ச விரல் தம்பி அது. ஒரு நூல் பிசிறினாக் கண்டுபிடிக்கும்."

"உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் கெய்லா. குரலில் விளையாட்டு இல்லை.

"எங்கம்மாவைத் தெரியாது உனக்கு. அடுத்தவன் வரிசையில நுழைஞ்சு வாங்கினேன்னு தெரிஞ்சா அந்த மூச்சைத் திருப்பிக் குடுக்கணும்னு நிப்பாங்க. முறைப்படி நின்னு ரெண்டு வாங்கினேன், கராஜ்ல நிக்கிறது காலி சிலிண்டர்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்தக் கீறல் போச்சுன்னா கேள்வியும் போயிடும்."

உறையைத் திருப்பி நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டான். ஒத்தோனியெல் சம்பாயோ. வழக்கறிஞர்.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். நாற்பது நிமிஷம் கழித்துப் போனை வாங்கிக்கொண்டு, பளபளப்பை மெச்சிவிட்டுப் போனான். கடைசிவரைக்கும் என் முகத்தை அவன் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். நானும் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை.

கெய்லா தடுப்பின்மேல் கை ஊன்றி நின்றாள்.

"அந்தப் பையன் நீயா?"

நான் உப்புத்தாள் கட்டுகளை அடுக்கினேன்.

"ஜாந்தர். உன்னைத்தான் கேக்குறேன்."

அவள் என் பெயரைச் சொல்லி அதுவரை கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

"எங்கிட்ட ஆசிட் இருக்கு. போர்டு கழுவுறது. அதுல போட்டுடு."

"வேண்டாம்."

"ஆத்துல போடு. காணாமப் போச்சுன்னு சொல்லு. நான் சாட்சி."

"இல்ல கெய்லா. நல்லாப் பண்ணிக் குடுப்பேன்."

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வானியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் லுசிவானியா. தொழிற்பேட்டையில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் நான் மெருகுப் பிரிவில் பொறியாளன். அவள் சோதனை மேஜையில். என் பிரிவிலிருந்து போன முதல் பெட்டியில் பாதியைத் திருப்பி அனுப்பினாள். சண்டை போடப் போனேன். ஒரு கடிகாரக் கூட்டை எடுத்து என் முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். என் கட்டைவிரலைப் பிடித்து எஃகின் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தாள். நடுவில் விரல் கொஞ்சம் இறங்கி ஏறியது.

"குழி," என்றாள். "உங்க ஆளு கீறலைத் துரத்தியிருக்கான். கீறல் இருக்கிற இடத்துல மட்டும் சக்கரத்தை அழுத்தினா இப்படித்தான் ஆகும். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். பாத்து ஏமாந்துட்டீங்க."

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. பக்கவாட்டு முழுவதையும் சமமாக இறக்கப் பொறுமை இல்லாமல் கீறலை மட்டும் தேய்ப்பார்கள். கீறல் போகும். அதன் இடத்தில் பள்ளம் வரும். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம்.

அந்த ஜனவரியில் அவளுக்கு இருபத்தொன்பது வயது. நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த சிலிண்டரில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றேன். சீட்டு எண் பதினேழு. எனக்கு முன்னால் பதினைந்து, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பதினாறு, மீன் சந்தைத் தொப்பி போட்ட ஒரு கிழவர். மாலை ஆறு மணிக்கு எங்கள் மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள். மூன்று சிலிண்டர் இருந்தது. அப்போது பின்பக்கக் கதவு திறந்தது.

அவனுடைய ஆட்கள் இரண்டை ஏற்றிவிட்டார்கள். ஆசிரியை கத்தினாள். கிழவர் ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தார். நான் மூன்றாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான். எஃகும் எஃகும் உரசுகிற சத்தம் கேட்டது. அந்த நொடியில் என் மூளை என்ன செய்தது தெரியுமா? ஒன்பது மணிப் பக்கம், பத்து மில்லிமீட்டருக்குமேல், ஆழம் அதிகம் என்று குறித்துக்கொண்டது. தொழில் பழக்கம். பிறகு அவன் அம்மா என்று கத்தினான். நான் கையை விட்டேன். சரி என்றுகூடச் சொன்னேன்.

அந்தச் சிலிண்டரில் பத்தாயிரம் லிட்டர். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் என்றால் பதினாறு மணி நாற்பது நிமிஷம். ஏழு மணிக்குப் பொருத்தியிருந்தால் மறுநாள் பதினொன்று நாற்பது வரைக்கும் வந்திருக்கும். வானியாவின் அண்ணன் வெளியூரான இத்தக்கோவாச்சியாராவிலிருந்து ஒரு சிலிண்டரோடு வந்து சேர்ந்தபோது மணி காலை பத்து. அவள் ஐந்து இருபதுக்கே போய்விட்டாள்.

இது எனக்குப் பழைய கணக்கு. புதிதாகத் தெரிந்தது ஒன்றுதான். அந்தச் சிலிண்டரை யாருமே சுவாசிக்கவில்லை. அது தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

கடிகாரத்தை என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். விளிம்புகளை எல்லாம் உருட்டித் தேய்த்தால் அதன் மதிப்பு போய்விடும். பின்மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டால் ஆற்றில் குளிக்கும்போது தண்ணீர் புகுந்து மெதுவாகச் சாகும். இரண்டுமே அவனுக்கு ஒரு பொருள் நஷ்டம். வேறு வாங்கிக்கொள்வான். அவனுக்கு வலிக்கிற இடம் எது என்று அவனே சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வியாழக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஊசியால் பச்சைத் துணுக்கைக் கிளப்பி ஒரு காகிதத்தில் மடித்து உறைக்குள் வைத்தேன். பட்டையைக் கழற்றினேன். உள்ளியந்திரத்தை எடுத்துத் தனியாக மூடி வைத்தேன். பக்கவாட்டின் மற்ற இடங்களை டேப் ஒட்டி மறைத்தேன். அங்கே ஒரு மைக்ரான்கூட எடுக்கக் கூடாது. கீறலின்மேல் மட்டும், ஒரு குச்சி நுனியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். அறுநூறாம் நம்பர் தாள், எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. பிறகு சின்னப் பஃப், பச்சை மெருகுச் சோப்பு. புது ஆள் செய்கிற தவறை இவ்வளவு கவனமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கீறல் போனது. விளிம்பு எது, பள்ளம் எது என்று தெரியாமல் இரண்டையும் கலந்தேன். பார்வைக்குத் தண்ணீர்போல இருந்தது. கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினேன். விரல் இறங்கி ஏறியது.

சரியாக இருந்தது, வானியா.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். மெருகைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே குழல்விளக்கைப் போட்டு, அதன் பிம்பம் எஃகில் நேர்கோடாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் கோடு வளையும். நான் விளக்கை அணைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன்.

"அடேயப்பா! எங்கே இருந்ததுன்னே தெரியல!"

"கண்ணுக்குத் தெரியாது சார்."

"நீ சாதாரண ஆளில்ல தம்பி. இந்தா, இதை வெச்சுக்கோ." கூலிக்குமேல் ஒரு ஐம்பது ரியால் நோட்டை நீட்டினான்.

"கூலி போதும்."

"பெரிய மனுஷன்," என்று கெய்லாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "இவனைப் பாத்துக் கத்துக்கோ."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் சார்," என்றாள் கெய்லா.

அவன் போனபிறகு கேட்டாள்: "ஏன் லைட்டை அணைச்சே?"

"சும்மா."

"எனக்குச் சொல்லு."

அவளைக் கண்ணை மூடச் சொல்லி, என் மேஜையில் கிடந்த வேறொரு கூட்டை வைத்து விளக்கினேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சனி, ஞாயிறு போனது. சனிக்கிழமை மாலை அந்த வீட்டில் கேக் வெட்டியிருப்பார்கள், தம்பாக்கி மீன் சுட்டிருப்பார்கள், அந்த அம்மாள் மகனுடைய கையைப் பிடித்திருப்பாள் என்று மட்டும் நினைத்தேன். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தடவும்போதும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவன் பொய் சொல்வான். அவள் இருக்கிறவரைக்கும் அது நடக்கும். அதற்குமேல் நான் திட்டமிடவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள்.

சின்ன உருவம். பூப்போட்ட கவுன், கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. மற்றக் கையால் மகனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், போலீஸ்காரர் பிடிப்பதுபோல.

"பாலிஷ் போடுற தம்பி யாரு?"

"நான்தான் அம்மா."

"உன் பேரு?"

"ஜாந்தர்."

"நான் எர்மீனியா. இந்தக் குழி நீ போட்டதா?"

"அம்மா, குழியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றான் ஒத்தோனியெல். முகம் சிவந்திருந்தது. "விருந்துல வந்த அத்தனை பேரும் பாத்தாங்க. கண்ணாடி மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களா இல்லையா?"

"அவங்களுக்குக் கண்ணு இருக்கு, பாத்தாங்க. எனக்கு இல்ல, அதனாலதான் தெரியுது. நீ சும்மா இரு. தம்பி, முன்னாடி இங்கே கீறல் இருந்தது. இப்போ குழி இருக்கு. ரெண்டு நாளா கேக்குறேன், இவன் சுவருங்கிறான். இவ்வளவு பாடுபட்டு ஒரு சுவத்தை எதுக்குடா மறைக்கணும்? உனக்குத் தெரியுமா, எதுல பட்டதுன்னு?"

"தெரியும் அம்மா. உறையில எழுதியிருக்கு. அவர் சொன்னது, அவர் கையெழுத்து."

"தம்பி, வேண்டாம்," என்றான் அவன். குரலைத் தாழ்த்தி, "வாடிக்கையாளர் சமாச்சாரம். சட்டப்படி நீ..."

"கடிகாரம் வாங்கினது யாரு? நான்," என்றாள் அவள். "எட்டு மாசம் கல்யாண கவுன் தச்சு வாங்கினேன். அப்போ நான்தான் வாடிக்கையாளர். படி."

இழுப்பறையிலிருந்து உறையை எடுத்தேன். படித்தேன். வேகமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. கேஸ் கிடங்கு. பின் கேட். வாட்ச்மேன் தெரிந்தவன். இரண்டை ஏற்றியாச்சு. மூணாவதை ஒரு பையன், பொண்டாட்டியக் கட்டிக்கிற மாதிரி. இழுத்தேன். எங்கம்மா சாகுறாங்கடான்னு கத்தினேன். விட்டுட்டான். ஒண்ணுலயே எழுந்து உக்காந்து காப்பி கேட்டாங்க. மூணாவதுக்கு சீல்கூட உடைக்கல. சிவப்புத் தொப்பி.

வளாகத்தில் எங்கோ ஒரு கடையில் வானொலி பாடியது. கெய்லா எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தத் தொப்பி மாட்டுறதா?" என்றாள் எர்மீனியா. "காலின்னு சொன்னியேடா. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நான் அதைத் தட்டிப் பாத்துச் சிரிச்சிருக்கேனேடா."

அவள் தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பையன் என்ன ஆனான்? யாருக்காவது தெரியுமா?"

"எனக்குச் சீட்டு எண் பதினேழு," என்றேன்.

அப்போதுதான் ஒத்தோனியெல் என் முகத்தைப் பார்த்தான். முகக்கவசத்தை மனசுக்குள் மாட்டிப் பார்த்திருப்பான். ஒரு அடி பின்னால் போனான். அம்மா அவன் மணிக்கட்டை விடவில்லை.

"யாருக்காக நின்னே?"

"மனைவிக்கு. லுசிவானியா. காலையில அஞ்சு இருபது."

"ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?"

"அவளுக்குப் பதினாறு மணி நாற்பது நிமிஷம் வந்திருக்கும்."

அவள் உதடு அசைந்தது. துணி அளக்கிறவள்போல விரல் முட்டியில் எண்ணினாள்.

"முதல் ரெண்டு யாரோடது?"

"பதினஞ்சாம் நம்பர் ஒரு டீச்சர். பதினாறு ஒரு பெரியவர். அவங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்போ நான் அவங்க மூச்சுலதான் உக்காந்து காப்பி கேட்டிருக்கேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

ஒத்தோனியெல் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, சத்தியமா எனக்கு அன்னிக்குப் புத்தி இல்ல. இந்தக் குழியை மட்டும் சரி பண்ணிடு. எவ்வளவு ஆனாலும் சரி."

"எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது சார்."

சாவ் பாவ்லோவில் லேசரால் எஃகை நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை.

"சரி பண்ணக் கூடாது," என்றாள் அவன் அம்மா. "வாழ்நாள் பூரா இது உன் கையிலதான் இருக்கணும். நான் செத்தா என்னைத் தூக்கும்போதும் இருக்கணும். சாயங்காலம் அந்தச் சிலிண்டர் என் கட்டில் பக்கத்துல வந்து நிக்கணும். தொப்பி இல்லாம. இப்போ கையைக் குடு."

அவனுடைய வலது கட்டைவிரலைத் தேடிப் பிடித்தாள். இடது மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தின்மேல் கொண்டுபோய் வைத்தாள். ஒன்பது மணிப் பக்கம்.

"தெரியுதா?"

"இல்லம்மா."

"கண்ணை மூடு. மெதுவா இழு. தெரியுதா?"

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வரிசையில நிக்கத் தெரியாதவன்தானே நீ. இங்கே நில்லு. தெரியிற வரைக்கும் நில்லு."

அவன் நின்றான். கண்ணை மூடினான். விரல் போனது, வந்தது. எதிர்க் கடை பெல்ட் வியாபாரி எட்டிப் பார்த்தான். போன் திரை மாற்ற வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அவன் விரல் நின்றது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இறங்கி ஏறுகிற இடம்.

"தெரியுது," என்றான். தோள்கள் குலுங்கின.

நான் பார்த்தேன். அவன் அழுவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும், வேறெங்கும் திரும்பாமல் பார்த்தேன். போதவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு கெய்லா எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தாள். குடித்தேன். உறையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சக்கரத்தைப் போட்டேன்.

ஒரு பெண் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். புது உறையை எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"எதுல பட்டது?" என்று கேட்டேன்.